முள் கத்தரி விதையில் கலப்பைத் தடுப்பது எப்படி?

வேலூர் மாவட்டம் இலவம்பாடி முள் கத்தரி 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயர் நிலைக்க, நீங்கள் எடுத்து வைக்கும் விதையில் கலப்பு இருக்கக் கூடாது.

கத்தரிச் செல்லில் 24 குரோமோசோம்கள் உள்ளன. செல் பிரிந்து மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகும்போது, ஒவ்வொன்றுக்கும் 12 மட்டுமே செல்லும். இரண்டும் சேர்ந்தால் விதையில் மீண்டும் 24. கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆனால், பக்கத்து வயலின் வேறு ரக மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்தால், விதையில் பாதி அந்த ரகத்துடையது. காயைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சதையும் தோலும் தாய்ச்செடியுடையவை. அடுத்த போகத்தில்தான் கலப்பு தெரியும்.

விதைப் பயிருக்கும் பிற ரகங்களுக்கும் இடையே குறைந்தது 100 மீட்டர் இடைவெளி விடுங்கள். இடமில்லை என்றால், நல்ல செடிகளில் மலராத மொட்டுகளை மெல்லிய துணிப்பையால் மூடுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். அந்தக் காய்கள் மஞ்சளாகப் பழுத்த பிறகே விதை எடுங்கள்.