கைப்பேசிப் படமும் காகிதப் படமும்



நமக்குத் தெரிந்த தோட்டக் குடும்பம் ஒன்றில் பாட்டி காலமானார். பதினாறாம் நாள் சடங்குக்குப் படம் வேண்டும். கைப்பேசியில் பாட்டியின் படங்கள் எத்தனையோ இருந்தன. ஒன்றை வாட்ஸ்அப் வழியே பினாங்குப் பட்டணத்துக் கடைக்கு அனுப்பிப் பெரிதாக்கச் சொன்னார்கள். முகம் கட்டம் கட்டமாகச் சிதறி வந்தது.

கைப்பேசிப் படம் என்பது வண்ணப் புள்ளிகளின் தொகுப்பே ஆகும். தெளிவாக அச்சிட அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். 4000க்கு 3000 புள்ளிகள் உள்ள படத்தை 13க்கு 10 அங்குல அளவில் நன்றாகவே அச்சிடலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் புள்ளிகள் குறைந்துவிடுகின்றன. ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் குறைவதில்லை. படம் எடுத்த கைப்பேசியையே கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் பாட்டியின் மூக்குத்தி தெரிந்தது.

படம் அச்சிடும் தொழில் பினாங்கில் நம்மவர்களுக்குப் புதிதன்று. 1862இல் கீழ்த்திசைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சன், பினாங்கில் சுமார் பத்து மாதங்கள் தங்கிப் படம் எடுத்தார். அச்சு வேலைக்கு அவர் பழக்கிக்கொண்டவர்கள் மதராசைச் சேர்ந்த இருவர். இதை அவரே தம் நூலில் எழுதியிருக்கிறார். முட்டை வெண்கரு பூசிய தாளின்மேல் கண்ணாடித் தகட்டை வைத்து வெயிலில் காட்டுவார்கள்; படம் பதியும். அந்நாளைய அச்சு அதுதான்.

இன்றைய இங்க்ஜெட் பொறியோ, மயிரிழையிலும் நுண்ணிய துளைகளின் வழியே மைத்துளிகளைத் தாளில் தெளிக்கிறது. மையில் இருவகை உண்டு. தண்ணீரில் சர்க்கரை கரைவதுபோல் சாயம் கரைந்திருப்பது ஒன்று. மஞ்சள்தூள் மிதப்பதுபோல் நிறத்துகள் மிதப்பது மற்றொன்று. இரண்டாவதைப் ‘பிக்மென்ட்’ மை என்பார்கள். சாய மை வெளிச்சத்தில் விரைவில் வெளுக்கும். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு வாக்கில் கலைஞர்கள் சாய மையில் அச்சிட்ட படங்கள் சில ஆண்டுகளிலேயே மங்கின. பிக்மென்ட் மையால் அமிலமில்லாத பருத்தித் தாளில் அச்சிட்ட படம் பல பத்தாண்டுகள் நிற்கும். ஓவியக்கூடங்கள் நாடுவதும் இதைத்தான். விலை கூடுதல், ஆகவே எல்லாப் படத்துக்கும் இது வேண்டியதில்லை. கல்யாணப் படம் ஒன்று, பெரியவர்கள் படம் ஒன்று போதுமே!

நம் ஊர்ப் புழுக்கம் பொல்லாதது. சட்டம் போடும்போது படம் கண்ணாடியில் ஒட்டாமல் நடுவில் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஈரச் சுவரிலும், வெயில் விழும் இடத்திலும், சாமி விளக்குப் புகை படும் இடத்திலும் மாட்ட வேண்டாம்.

அந்தப் பாட்டியின் படத்துக்குப் பின்புறம், அவர் பெயரையும் பால்மரம் சீவிய தோட்டத்தின் பெயரையும் பேரன் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான்.