பாலைவனத்தில் ஆவிகளின் முரசொலி: மணல் சரிவு காரணமா?

சீனாவின் வடமேற்கில் உள்ள லோப் பாலைவனத்தில் ஆவிகள் பயணிகளைப் பெயர் சொல்லி அழைக்கும்; இசைக்கருவிகளின் ஒலியும், குறிப்பாக முரசொலியும் கேட்கும் என்று 13-ஆம் நூற்றாண்டில் அவ்வழியே சென்ற வெனிஸ் வணிகர் மார்கோ போலோ கூறியுள்ளார். அக்குரல்களைப் பின்தொடர்ந்தவர்கள் வழிதவறி உயிரிழந்ததாகவும், அதனால் வணிகர்கள் தங்கள் விலங்குகளுக்கு மணி கட்டியதாகவும் அவர் குறிப்பிடுகிறார்.

முரசொலிக்கு அறிவியல் விளக்கம் உண்டு. செங்குத்தான மணல்மேட்டின் மேலடுக்கு சரியும்போது, ஏறக்குறைய ஒரே அளவிலான உலர்ந்த மணல் துகள்கள் ஒன்றோடொன்று மோதி ஒரே சீராக அசைகின்றன. அப்போது மணற்பரப்பு முரசின் தோல்போல் அதிர்ந்து, பெரும்பாலும் 70 முதல் 105 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலியை எழுப்புகிறது. இது சில நிமிடங்கள்கூட நீடிக்கும், வெகுதொலைவிலும் கேட்கும். ஈர மணல் இவ்வாறு ஒலிப்பதில்லை. அப்பகுதியை ஒட்டிய துன்ஹுவாங் நகருக்கு அருகே உள்ள மணல் மலையின் பெயரான 'மிங்ஷா' என்பதற்கே ஒலிக்கும் மணல் என்று பொருள்.

பெயர் சொல்லி அழைத்த குரல்களோ, தாகமும் களைப்பும் தனிமையும் விளைவித்த மயக்கமாக இருக்கலாம். காரணம் எதுவாயினும், கூட்டத்தைப் பிரிந்தவருக்கு ஆபத்து உண்மையானது. அச்சத்தால் கட்டப்பட்ட மணியே அவருக்கு வழிகாட்டியாகவும் அமைந்தது.