முற்றத்து நித்தியகல்யாணி

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு முற்றம். துளசி மாடத்துக்கு இரண்டடி தள்ளி, யாரும் நடாமல், யாரும் நீர் வார்க்காமல், ஒரு செடி இளஞ்சிவப்புப் பூக்களோடு சிரித்துக் கொண்டு நின்றது.

"எங்க மாமியா இருந்தவரைக்கும் இதை வாசல்ல விடமாட்டாக, தம்பி. சுடுகாட்டு மல்லின்னு பிடுங்கி எறிஞ்சிருவாக" என்றார் வீட்டுக்கார ஆச்சி. பிறகு குரலைத் தாழ்த்திக் கொண்டார். "இதைக் கஷாயம் வச்சுக் குடிச்சா புத்துநோய் தீந்துருமாமே, நெசமா? அடுத்த வளவுல ஒரு பிள்ளைக்கு மார்ல கட்டி. ஆஸ்பத்திரிக்குப் போக வெக்கம். ரெண்டு மாசமா இதத்தான் காய்ச்சிக் குடிக்கா."

இந்தச் செடியில் புற்று நோய்க்கு மருந்து இருப்பது மெய். அதைக் காய்ச்சிக் குடித்தால் நோய் தீரும் என்பது பொய். இரண்டும் எப்படி என்று பார்ப்போமா?

ஆண்டு முழுவதும் பூப்பதால் இதற்கு நித்தியகல்யாணி என்று பெயர். அகஸ்தியர் வாழ்ந்ததாகச் சொல்லும் பொதிகையின் அடிவாரத்தில், தாமிரபரணி பாயும் சீமையில், எந்தச் செடியைக் கண்டாலும் மூலிகை என்று எண்ணுவது இயல்புதான். ஆனால் இது பொதிகையில் பிறந்ததல்ல. ஆப்பிரிக்காவை அடுத்த மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த விருந்தாளி. வந்த விருந்தாளி ஊர்க்காரியாகிவிட்டாள்! நெல்லைப் பக்கத்து வானம் பார்த்த நிலங்களில் இதைப் பயிரிட்டு, இலையையும் வேரையும் உலர்த்தி மருந்துக்கு விற்பதும் உண்டு.

1952-ல் கனடாவிலிருந்த ஒரு டாக்டருக்கு ஜமைக்காவிலிருந்து தபாலில் இந்த இலைகள் சில வந்தன. அந்தத் தீவில் நீரிழிவுக்கு இதைக் காய்ச்சிக் குடிப்பார்களாம். அவர் அவற்றைத் தம் சகோதரரான விஞ்ஞானி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். நோபிள் எலிகளுக்குப் புகட்டிப் பார்த்தார், சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றிப் பார்த்தார், எலிகள் இறந்தன! காரணத்தைத் தேடியபோது, இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. வேறொருவராயிருந்தால் குப்பையில் எறிந்திருப்பார். நோபிளோ, வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்று நோயை நினைத்துக் கொண்டார். 1958-ல் அவரும் சார்லஸ் பீரும் 'வின்பிளாஸ்டின்' என்ற சத்தைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். அதன் தங்கையான 'வின்கிரிஸ்டின்' 1963-ல் அமெரிக்காவில் மருந்தாக அங்கீகாரம் பெற்றது.

அது என்ன செய்கிறது? பத்தமடைப் பாய் நெய்பவர் முதலில் பாவு நூலைக் கட்டிக் கொள்வார். நூல் கட்டாவிட்டால் எத்தனை கோரை இருந்தும் பாய் இல்லை. உடலின் அணு ஒன்று இரண்டாகப் பிரியும்போதும் உள்ளே மெல்லிய இழைகள் கட்டியாக வேண்டும். அந்த இழையைக் கட்டவிடாமல் தடுப்பதே இம்மருந்தின் வேலை. ஓயாமல் பெருகும் புற்று அணு அங்கேயே நின்று மடிகிறது.

1960-களின் தொடக்கத்தில் இரத்தப் புற்று நோய் கண்ட குழந்தைகளில் பிழைத்தவர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. அவர்களிடம் மிக அதிகமாகக் காணும் வகையில், நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் இன்று ஏறக்குறைய 90 பேர் பிழைக்கிறார்கள். அதற்குத் துணை நின்ற மருந்துகளில் நம் முற்றத்துப் பூவும் ஒன்று.

பின் கஷாயம் ஏன் கூடாது? ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்கவே ஏராளமான உலர்ந்த இலை வேண்டும். செடியில் நூற்றுக்கு மேற்பட்ட காரச் சத்துக்கள் கலந்திருக்கின்றன; விஷமும் உண்டு. டாக்டர்கள் மருந்தை மில்லிகிராம் கணக்கில், இரத்தக் குழாய் வழியே, இரத்தத்தைச் சோதித்துச் சோதித்துச் செலுத்துகிறார்கள். சற்று மிகுந்தாலும் ஆபத்து. அடுப்பங்கரைக் கரண்டிக்கு இந்தக் கணக்குத் தெரியுமா? மேலும், ஒவ்வொரு புற்று நோய்க்கும் மருந்து வேறு.

"அப்போ மஞ்சளும் நெல்லிக்காயும் நல்லதுங்காங்களே?" என்றார் ஆச்சி.

உணவில் நல்லவைதான். உடலில் ஆக்ஸிஜன் செலவாகும்போது அடுப்புப் பொறி போலச் சில துகள்கள் தெறிக்கின்றன; அணுக்களைச் சுடுகின்றன. காய்கனிகளில் உள்ள 'ஆன்டி-ஆக்ஸிடன்ட்' சத்துக்கள் அப்பொறியை அணைக்க வல்லவை. 'அப்படியானால் அதையே மாத்திரையாக விழுங்கினால்?' என்று பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் சோதித்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. காரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை மாத்திரையாக உண்டவர்களுக்கு நுரையீரல் புற்று நோய் குறையவில்லை. 18 சதவிகிதம் கூடியிருந்தது! உணவு வேறு, மருந்து வேறு. ரசத்தில் மஞ்சள் இருக்கட்டும்; வைத்தியத்தை அதன் தலையில் சுமத்த வேண்டாம்.

மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று நோய் அல்ல. ஆனால் எது எது என்பதைச் சோதனைதான் சொல்லும். புற்றேயானாலும், தொடக்கத்தில் கண்டுகொண்டால் குணமாக்க வழியிருக்கிறது. கஷாயத்தில் கழிந்த மாதங்களை எந்த மருந்தும் திருப்பித் தராது.

ஆச்சி சற்று நேரம் பேசாமல் செடியையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு எழுந்து, கொடியில் கிடந்த சேலையை எடுத்து மடித்தார்.

"நாளைக்குக் காலம்பற ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு அவளை நானே கூட்டிட்டுப் போறேன். வெக்கம் என்ன வெக்கம்!"

நித்தியகல்யாணி முற்றத்திலேயே இருக்கட்டும். அழகுக்கு.