கைப்பேசியும் நாடிப் பரிசோதனையும்

ஸ்ரீபெரும்பூதூர் என்றவுடன் நம் பாட்டனார் காலத்தவர்க்கு உடையவரின் நினைவுதான் வரும். இக்காலத்துச் சிறுவர்களைக் கேட்டால், "செல்போன் செய்கிற ஊர்" என்பார்கள். இரண்டும் சரியான விடையே. 2006-ஆம் ஆண்டில் நோக்கியா ஆலை இங்கே திறக்கப்பட்டது, 2014-இல் மூடப்பட்டது. ஆனால் தொழில் ஊரை விட்டுப் போகவில்லை. சுங்குவார்சத்திரத்தில் இன்று ஐபோன்கள் உருவாகின்றன. ஒரகடத்தில் மோட்டார் வண்டிகள் உற்பத்தியாகின்றன.

இதே பெங்களூர் நெடுஞ்சாலையில், தண்டலத்தில், 2008 முதல் சவீதா வைத்தியக் கல்லூரி நடந்து வருகிறது. ஆலைக்கும் வைத்தியப் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். ஆலையில் நம் பெண்களின் விரல்கள் பூட்டி அனுப்பும் கருவியே, இன்று எந்த வைத்திய மாணவனுக்கும் ஏடாகவும் எழுதுகோலாகவும் இருக்கிறது. அந்தச் சம்பந்தத்தைச் சற்று ஆராய்வோம்.

ஏழையின் உடலே பாடப் புத்தகம்

1835-இல் சென்னையில் வைத்தியப் பள்ளி தோன்றிய காலத்தில், வித்தை மூன்று இடங்களில் இருந்தது: ஆசிரியரின் நாவில், அலமாரிப் புத்தகங்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலில். ஊசி குத்தவும் தையல் போடவும் மாணவன் மனித உடலிலேதான் பழக வேண்டும். அவன் கை தவறினால் அதன் பலனை அனுபவித்தவர், தர்ம ஆஸ்பத்திரிக்கு வந்த ஏழை நோயாளியே. தனவந்தர்கள் கை தேர்ந்த வைத்தியரை வரவழைத்துக் கொண்டார்கள். இது வெகு காலம் யாரும் பேசாத ஓர் அநீதி.

இதற்குப் பரிகாரம் ஒரு பொம்மை வியாபாரியிடமிருந்து தொடங்கியது என்றால் வியப்பாயிருக்கும். நார்வே தேசத்துப் பொம்மை உற்பத்தியாளரான ஆஸ்முண்ட் லேர்டால், 1960-இல் ஒரு பெண்ணுருவப் பொம்மையைச் செய்தார். மூச்சு நின்றவருக்கு உயிரூட்டும் முறையை அதில் பழகலாம். 1968-இல் அமெரிக்காவில், பலவித இருதய நோய்களின் ஓசைகளையும் நாடித் துடிப்புகளையும் தோற்றுவித்துக் காட்டும் 'ஹார்வி' என்னும் பொம்மை வந்தது. பிறகு கம்ப்யூட்டர் உள்ளே புகுந்தது. 1994-இல், ஓர் ஆணின் இறந்த உடலை ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள 1,871 படலங்களாகப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்தார்கள். திரையில் தோலை விலக்கித் தசையையும், தசையை விலக்கி எலும்பையும் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். மூடி விட்டு மறுபடியும் தொடங்கலாம். மாணவன் நூறு முறை தவறலாம், ஒருவருக்கும் நோவில்லை.

ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த இராமானுஜர், திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின்மீது ஏறி மறைபொருளை எல்லோருக்கும் அறிவித்தார் என்பது பரம்பரையாக வழங்கும் வரலாறு. வைத்திய உலகிலும் 1997-இல் அதற்கு ஒப்பான காரியம் ஒன்று நடந்தது. அமெரிக்க தேசிய வைத்திய நூல் நிலையம், 'பப்மெட்' என்னும் ஆராய்ச்சிக் கட்டுரை அட்டவணையை இணையத்தின் மூலம் யாவரும் கட்டணமின்றிப் பார்க்கத் திறந்து விட்டது. காஞ்சீபுரத்து மாணவனுக்கும் லண்டன் மாணவனுக்கும் அட்டவணை ஒன்றே. ஆனால் கட்டுரை முழுவதையும் படிக்கப் பல பத்திரிகைகள் இன்னும் பணம் கேட்கின்றன. கோபுரத்தில் பாதிதான் ஏறியிருக்கிறோம்.

திரை சொல்லாத செய்தி

நிற்க. 2020-இல் பெருந்தொற்றினால் கல்லூரிகள் மூடப்பட்டபோது, மாணவர்கள் வீட்டிலிருந்தே திரையில் பாடம் கேட்டார்கள். படிப்பு அறுந்து போகாமல் காத்தது அந்தத் திரைதான். ஆயினும் வீங்கிய வயிற்றை விரலால் தட்டிப் பார்ப்பதையும், வலியை மறைக்கும் கிழவியின் முகத்தைப் படிப்பதையும் திரை கற்பிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் நமக்கு ஒன்று தெரியும்: விடை தெரிந்த பிள்ளைகளெல்லாம் விஷயம் தெரிந்த பிள்ளைகள் ஆகிவிடுவதில்லை.

2021 டிசம்பரில் இவ்வட்டாரத்தில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விடுதி உணவை உண்ட ஆலைப் பெண்கள் 250-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்து விட்டதாக ஒரு வதந்தி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியது. தோழியரின் கதி அறியாத பெண்கள் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்து விட்டார்கள். உண்மையில் ஒருவரும் இறக்கவில்லை. உலகத்துக்கெல்லாம் செய்திக் கருவி செய்து தரும் அப்பெண்களுக்கு, தங்கள் தோழியர் பிழைத்திருக்கிறார்கள் என்ற ஒரு செய்தி, நம்பத்தக்க வாயிலிருந்து உரிய வேளையில் கிட்டவில்லை. கருவி கையில் இருந்தும் பயன் என்ன?

ஆகையால், 2019-இல் நம் நாட்டு வைத்தியக் கல்லூரிகளில் புகுத்தப்பட்ட புதிய பாடத் திட்டம், பொம்மைகளில் பழகும் பயிற்சிக் கூடத்தை வற்புறுத்தியதோடு நில்லாமல், நோயாளியோடும் உறவினரோடும் பேசும் முறையையும் பாடமாக்கியது மிகவும் பொருத்தமே.

பாஷை எது?

பேசுவது எந்தப் பாஷையில்? 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்கரான டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். பிற்காலத்தில் தமிழிலேயே கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்றார்கள். அச்சுக்கூடமும் மைக்கூடும் மட்டுமே இருந்த காலத்தில், பிறநாட்டார் ஒருவர் இதைச் செய்து காட்டினார். கோடிக்கணக்கான சொற்களை நொடியில் தேடித் தரும் யந்திரம் கையிலுள்ள நாம், நோயாளிக்கு நோயைத் தெளிவாக விளக்கும் தமிழை நம் மாணவர்களுக்கு ஊட்டாமலிருப்பதற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்?

மற்றொன்றும் உண்டு. வைத்தியக் கருவிகளில் பெரும்பகுதியை நாம் இன்னமும் அந்நிய நாடுகளிலிருந்தே வாங்குகிறோம். வைத்தியக் கருவிப் பூங்காக்களுக்காக மத்திய அரசாங்கம் 2021-இல் நான்கு மாநிலங்களைத் தேர்ந்தெடுத்தது. அவற்றுள் தமிழ்நாடும் ஒன்று. ஒரகடத்தில் 350 ஏக்கர் பரப்பு இதற்கென ஒதுக்கப்பட்டது. நம் மாணவன் பழகும் பொம்மையும், நோயாளியின் இருதயத்தைக் காட்டும் திரையும் அங்கே உருவாகட்டும். செய்கிறவர்களும் படிக்கிறவர்களும் ஒரே சாலையில் சில மைல் தூரத்தில் இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் ஆலைக்குச் சென்று, எட்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் பெண்ணின் முதுகு வலியைக் கேட்டறியட்டும்; ஆலையின் பொறியியலார் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, எந்தக் கருவி தேவை என்று தெரிந்து கொள்ளட்டும்.

வைத்தியப் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், கல்லூரியில் எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறது என்று விசாரிக்கிறார்கள், விசாரிக்கட்டும். அதோடு, அங்கே நாள்தோறும் எத்தனை நோயாளிகள் வருகிறார்கள், மாணவன் அவர்கள் அருகே எத்தனை நாழிகை உட்காருகிறான் என்பதையும் கேட்டுத் தெரிந்து கொள்வது நலம்.