ஓட்டமும் மனரம்மியமும்



பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தை ஒரே அமர்வில் வாசித்துப் பாருங்கள். மூன்றாம் அதிகாரத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் ஓட்டக்காரனைப் போலப் பேசுகிறார். தாம் இன்னும் எட்டவில்லை என்றும், இலக்கைப் பார்த்து ஓடிக்கொண்டேயிருப்பதாகவும் எழுதுகிறார். நான்காம் அதிகாரத்திலோ, எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கத் தாம் கற்றுக்கொண்டதைச் சொல்லுகிறார். இன்னும் போதாது என்று ஓடுகிறவரும் இது போதும் என்று இளைப்பாறுகிறவரும் ஒரே மனிதராய் இருப்பது எப்படி?

நம் வீடுகளிலும் இந்தக் குழப்பம் உண்டு. பிள்ளை 90 மதிப்பெண் வாங்கி வந்தால் மீதி 10 எங்கே போயிற்று என்று கேட்கிறோம். மறுநாள் ஆராதனையில், உள்ளது போதுமென்று இருக்கவேண்டும் என்ற பிரசங்கத்துக்குத் தலையசைக்கிறோம்!

பவுல் விளையாட்டை அறிந்தவர். அவர் ஒன்றரை ஆண்டு தங்கியிருந்த கொரிந்து பட்டணத்துக்குச் சில மைல் தூரத்தில் இஸ்த்மியா என்ற இடம் இருந்தது. அங்கே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய விளையாட்டு விழா நடக்கும். ஜெயித்தவனுக்கு இலைகளால் செய்த முடி சூட்டுவார்கள். பைன் மரத்தின் கிளையாலும், செலரி என்னும் கீரையாலும் அதைச் செய்ததுண்டு. எதனால் செய்தாலும் சில நாட்களில் வாடிப்போகும். அழிந்துபோகிற கிரீடத்துக்காகவே அவர்கள் இவ்வளவு இச்சையடக்கத்தோடு பயிற்சி செய்கிறார்களே என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது (1 கொரி. 9), அதை வாசித்தவர்களில் அநேகருக்கு அந்த வாடின இலை கண்முன் வந்திருக்கும். பயிற்சியைப் பவுல் இகழவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். எதற்காக என்றுதான் கேட்கிறார்.

பிலிப்பியர் 4:13 இந்நாட்களில் விளையாட்டு வீரர்களுக்கு மிகவும் பிரியமான வசனம். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஸ்டீபன் கரியின் காலணிகளில்கூட அதன் வார்த்தைகள் இடம் பெற்றிருக்கின்றன. அவருடைய விசுவாசத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு முந்தின இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசிக்கவேண்டும். பவுல் அதை எழுதியது காவலில் இருந்தபோது. நிறைவாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் தாம் பயிற்சி பெற்றதைச் சொன்ன பிறகே, கிறிஸ்து தரும் பெலத்தைப் பற்றிப் பேசுகிறார். ஆட்டத்தில் தோற்று, தலைகுனிந்து வீடு திரும்புகிறவனுக்கும் உரிய வசனம் அது.

இதை வாழ்ந்து காட்டிய ஓட்டக்காரர் ஒருவரைப் பற்றி இம்முறை எழுத விரும்புகிறோம். எரிக் லிடெல் என்ற பெயரை 1981இல் வந்த திரைப்படத்தின் மூலம் உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். ஸ்காட்லாந்து தேசத்து மிஷனரி பெற்றோருக்கு 1902இல் சீனாவில் பிறந்தவர். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அது அவருக்கு மிகவும் கைவந்த ஓட்டம். ஆனாலும் ஓட மறுத்துவிட்டார். கடைசி நேரத்தில்தான் அவருக்கு அது தெரியவந்ததாகத் திரைப்படம் காட்டுகிறது. உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே அறிந்து, அமைதியாய் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்திருந்தார்.

அந்த இறுதி ஓட்டத்தில் அவருக்குக் கிடைத்தது வெளி ஓரமான ஆறாவது தடம். வளைவு இருப்பதால் வெளித்தடத்தில் ஓடுகிறவரை முன்னே தள்ளி நிறுத்துவார்கள். ஆகவே மற்ற ஐந்து பேரும் அவருக்குப் பின்னால். அவர்கள் எங்கே வருகிறார்கள் என்று பார்க்க வழியில்லை. ஓட்டக்காரர்கள் அந்தத் தடத்தை விரும்புவதில்லை. லிடெல் யாரையும் பாராமல் ஓடி, 47.6 விநாடிகளில் ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வென்றார். பக்கத்துத் தடத்தைப் பார்க்க முடியாமற்போவதும் ஒரு கிருபைதான் என்று நமக்குத் தோன்றுகிறது. நம்முடைய மனரம்மியத்தைத் திருடுவது பெரும்பாலும் நம் வறுமையல்ல, பக்கத்து வீடு!

அடுத்த ஆண்டே, 23 வயதில், அவர் சீனாவுக்கு மிஷனரியாய்ப் போய்விட்டார். முதலில் தியன்சின் பட்டணத்தில் கல்லூரி ஆசிரியர். 1937இல் யுத்தம் மூண்ட பிறகு, சியாவ்சாங் என்ற கிராமப்புறத்து ஊழியத்துக்குச் சென்றார். அங்கே மிஷன் மருத்துவமனையில் அவருடைய அண்ணன் ராப் மருத்துவராயிருந்தார். வழியில் ஜப்பானியப் படைகள் நடமாடிய காலம். பாழடைந்த கோவிலில் குற்றுயிராய்க் கிடந்த ஒருவரையும், சிரச்சேதத்துக்குத் தப்பிக் கழுத்தில் பெருங்காயத்தோடு கிடந்த மற்றொருவரையும் ஒரே வண்டியில் ஏற்றி, அந்த மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். முதலாமவர் மரித்துப்போனார். இரண்டாமவர் பிழைத்தார், அவர் ஓர் ஓவியர். பின்பு லிடெலுக்குப் பூக்களை வரைந்து கொடுத்தார். அந்த நாளில் கைதட்ட ஒரு மைதானம் இல்லை.

1941இல் கர்ப்பவதியாயிருந்த மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கனடாவுக்கு அனுப்பிவைத்தார். மூன்றாவது மகளை அவர் ஒருநாளும் காணவில்லை. 1943இல் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். சுமார் 1,500 பேர் நெருங்கி வாழ்ந்த இடம். பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் அநேகர் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு அறிவியல் கற்பித்தார், உடைந்த ஹாக்கி மட்டைகளைத் துணியால் சுற்றிக் கட்டினார், விளையாட்டுகளை நடத்தினார். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் நடத்த மறுத்தார். ஒரு ஞாயிறு, நடுவர் இல்லாமல் தாங்களாகவே ஆடிய பிள்ளைகள் சண்டையில் முடித்தார்கள். அடுத்த ஞாயிறு லிடெலே மைதானத்தில் வந்து நடுவராய் நின்றார்! உலகப் புகழுக்காக அசையாதவர் பிள்ளைகளின் சமாதானத்துக்காக அசைந்தார். இதை ஏற்காதவர்கள் நம்மிலும் இருக்கலாம். ஆனால் 22 வயதில் தமக்காக எடுத்த ஒரு தீர்மானம், நாற்பது வயதில் மற்றவர்களுக்காக வளைந்துகொடுத்ததை ஆவிக்குரிய வளர்ச்சி என்றே எண்ணுகிறோம்.

அவருடைய முடிவு எளிதாயிருக்கவில்லை. 1945இன் தொடக்கத்தில் கடும் தலைவலியும் மனச்சோர்வும் அவரைப் பிடித்தன. அதிக வேலையால் வந்த நரம்புத் தளர்ச்சி என்று முகாமின் மருத்துவர்கள் கருதினார்கள். இந்தப் பாரத்தை ஆண்டவர்மேல் வைத்துவிடத் தமக்கு முடியவில்லையே என்று அவர் தம் நண்பரிடம் வருந்தினார். இறந்த பிறகே, மூளையில் கட்டி இருந்தது தெரியவந்தது. அன்பானவர்களே, இந்தப் பகுதியை மறந்துவிடாதிருங்கள். வியாதிப்படுக்கையில் சோர்ந்து கிடக்கிற விசுவாசியைப் பார்த்து, உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்லத் துணிகிறவர்கள் நம் சபைகளில் உண்டு. மனரம்மியம் என்பது எப்போதும் சிரித்த முகமாயிருப்பதல்ல. உடல் தளர்ந்தால் மனமும் தளரும். அதற்கு மருத்துவமும் வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஒரு மனிதரும் வேண்டும்.

1945 பிப்ரவரி 21 அன்று மனைவிக்கு ஒரு சிறு கடிதம் அனுப்பினார். மருத்துவர்கள் வேலையை மாற்றிக்கொள்ளச் சொல்லுகிறார்கள் என்றும், கற்பித்தலையும் விளையாட்டையும் விட்டுவிட்டு ரொட்டி சுடுவது போன்ற வேலைக்குப் போனால் நல்ல மாற்றமாயிருக்கும் என்றும் அதில் எழுதியிருந்தார். அன்று இரவே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அப்போது அவருக்கு வயது 43.