உங்களுக்குத் தெரியுமா? பட்டன் ஸ்டார்ட் காரும் சாவியும்

● பட்டனை அழுத்துவதால் மட்டும் இன்ஜின் ஓடிவிடாது. பிரேக்கை மிதித்துப் பட்டனைத் தொட்டதும், காருக்குள் பதித்திருக்கும் ஆன்டெனாக்கள் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு சிக்னல் விடுகின்றன. அது ஒன்றிரண்டு மீட்டர்தான் எட்டும். சாவி வண்டிக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று கார் கண்டுகொள்வது இதை வைத்துத்தான். சிக்னலோடு ஓர் எண்ணும் போகும். சாவி அந்த எண்ணைத் தன்னிடமுள்ள ரகசியக் குறியீட்டோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, விடையைப் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் திருப்பி அனுப்பும். காரும் அதே கணக்கைத் தனியே போட்டுப் பார்க்கும். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் ஸ்டீயரிங் லாக் விடுபடும், ஸ்டார்ட்டர் சுற்றும், எரிபொருள் பாயும். கார் கேட்கும் எண் ஒவ்வொரு முறையும் மாறுவதால், நேற்றைய விடையைத் திருடன் பதிவு செய்து வைத்திருந்தாலும் இன்றைக்கு அது செல்லாது.

● சாவியின் பேட்டரி தீர்ந்துவிட்டதா? பதறாதீர்கள். சாவிக்குள் இன்னொரு சின்ன சிப் இருக்கிறது. அதற்குப் பேட்டரியே வேண்டாம். கார் வீசும் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பல கார்களில் சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டிப் பிடித்து அழுத்தினால் வண்டி கிளம்பிவிடும். கதவைத் திறக்க, சாவியின் உடலுக்குள்ளேயே ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அதை எப்படி வெளியே எடுப்பது என்று இன்றே வீட்டில் எல்லோருக்கும் காட்டிக்கொடுங்கள்.

● இந்தச் சிப்பைச் சரிபார்த்து இன்ஜினை அனுமதிக்கும் அமைப்புக்கு இம்மொபிலைசர் என்று பெயர். அதன் அருமையை அமெரிக்கா 2021, 2022-ல் பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே விற்ற பல கியா, ஹூண்டாய் கார்களில் அது இல்லை. யு.எஸ்.பி. கேபிளின் முனையைச் சாவிபோலத் திருகி இளைஞர்கள் வண்டிகளை ஓட்டிப் போனார்கள். டிக்டாக்கில் அதைப் பரப்பவும் செய்தார்கள். அதே கம்பெனிகளின் பட்டன் ஸ்டார்ட் மாடல்களில் இம்மொபிலைசர் இருந்ததால் அவை தப்பின. கனடாவில் 2007-லிருந்தே இது கட்டாயம் என்பதால் இந்தத் தொல்லை அங்கே பரவவில்லை. ஒரு சட்டம் எத்தனை குடும்பங்களின் வண்டியைக் காப்பாற்றியிருக்கிறது!

● அப்படியானால் பட்டன் ஸ்டார்ட் காரைத் திருடவே முடியாதா? முடியும். 2011-ல் சூரிச்சின் இ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 கம்பெனிகளின் 10 கார் மாடல்களைச் சோதித்தார்கள், பத்தும் திறந்துகொண்டன. ரகசியக் குறியீட்டை அவர்கள் உடைக்கவே இல்லை. சாவிக்குப் பக்கத்தில் ஒரு கருவி, காருக்குப் பக்கத்தில் ஒரு கருவி. நடுவில் சிக்னலைக் கடத்தியதும், தொலைவில் இருக்கும் சாவி அருகிலேயே இருப்பதாகக் கார் நம்பிவிட்டது.

பம்மல், பொழிச்சலூர், நாகல்கேணித் தெருக்களில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பல வீடுகளில் கார் நிற்பது காம்பவுண்டுச் சுவரை ஒட்டித் தெருவில். சாவி தொங்குவதோ வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில். திருடனின் கருவிக்கு இதைவிட வசதி வேண்டாம். சாவியை உள் அறைக்கு மாற்றுங்கள். பிஸ்கட் வரும் தகர டப்பாவில் போட்டு மூடினால் இன்னும் நல்லது. டப்பா வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் எளிது: சாவியோடு அதைக் கார்க் கதவருகே கொண்டுபோய்க் கைப்பிடியைத் தொடுங்கள். கதவு திறந்தால் வேறு டப்பா தேடுங்கள். பழைய ஸ்டீயரிங் கம்பிப் பூட்டும் இன்றைக்கும் உதவும். ரேடியோவால் அதைத் திறக்க முடியாது.

● சிக்னல் போய்வர ஆகும் நேரத்தை அளந்து தூரத்தைக் கணக்கிடும் அல்ட்ரா வைட்பேண்ட் சாவிகள் சில புதிய கார்களில் வந்துவிட்டன. ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் ஒளி 30 சென்டிமீட்டர்தான் போகும். சிக்னலை நடுவில் கடத்தினால் ஏற்படும் தாமதத்தைத் திருடன் மறைப்பது மிகக் கடினம்.

● சாவியைச் செருகாமலே கிளப்பும் வசதி ஸ்கூட்டருக்கும் வந்துவிட்டது. ஹோண்டா ஆக்டிவாவின் எச்-ஸ்மார்ட் மாடல் 2023 ஜனவரியில் அறிமுகமானது.

● ஓடும் காரிலிருந்து சாவியை வெளியே எடுத்துப் போனாலும் இன்ஜின் நிற்காது. எச்சரிக்கை ஒலி மட்டும் வரும். ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும்போது சாவியின் பேட்டரி செத்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ஆனால் இன்ஜினை அவசரமாக நிறுத்த வேண்டி வந்தால்? 2009 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் ஒரு லெக்சஸ் காரின் ஆக்சிலரேட்டர் தரைவிரிப்பில் சிக்கிக்கொண்டது. ஓடும்போது அந்தக் காரை நிறுத்தப் பட்டனை 3 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். நிறுத்த முடியாமல் நான்கு பேர் இறந்தார்கள். உங்கள் காரில் நீண்ட நேரம் அழுத்த வேண்டுமா, தொடர்ந்து தட்ட வேண்டுமா என்று கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

● 2015 டிசம்பரில் அடையாறு பெருகியதை நம் பகுதி மறந்திருக்காது. வெள்ளத்தில் நின்ற காரில் பட்டனைத் தொடவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

● கார் திருடு போனால், இன்ஷூரன்ஸ் கம்பெனி வழக்கமாக வண்டியோடு கொடுத்த இரண்டு சாவிகளையுமே கேட்கும். இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது?