வீட்டுக்கு ஒரு போட்டோ புத்தகம்
நீங்களே தயாரிக்கலாம்!

பரணில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் பழைய போட்டோக்கள்.

ஒரு படத்தில் ஏழு பேர். நாற்காலியில் இருப்பது தாத்தா. பக்கத்தில் பாட்டி. பின்னால் நிற்கும் ஐந்து பேர் யார்?

வீட்டில் யாருக்கும் தெரியாது. பெரிய அத்தைக்குத் தெரியும். ஆனால் அவர் போய்விட்டார். அவரோடு அந்த ஐந்து பெயர்களும் போய்விட்டன!

பல வீடுகளில் இதே கதைதான். பெயர் தெரியாவிட்டால், சொந்தத் தாத்தாவின் தம்பியும் யாரோ ஒருவர்தான்.

ஆகவே, குடும்பப் போட்டோ புத்தகம் தயாரிக்க விரும்புகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் கடை அல்ல. வீட்டுப் பெரியவர்களிடம் போக வேண்டும்.

கேளுங்கள், எழுதுங்கள்

பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு படமாகக் காட்டுங்கள். "இது யார்? எந்த ஊர்? என்ன விசேஷம்?" என்று கேளுங்கள்.

ஒரு நாளைக்குப் பத்துப் படம் போதும். அதற்கு மேல் கேட்டால் அவர்கள் களைத்துப் போவார்கள்.

வருடம் நினைவில்லையா? "தம்பி பிறப்பதற்கு முன்பா, பின்பா?" என்று கேளுங்கள். வருடம் வந்துவிடும்.

சொல்வதை ஒரு நோட்டில் எழுதுங்கள். படத்தின் பின்புறம் எழுதுவதானால், பென்சிலால் ஓரத்தில் மெதுவாக எழுதுங்கள். பேனா வேண்டாம். மை மறுபக்கம் ஊறிவிடும்.

பிய்க்காதீர்கள்!

பழைய ஆல்பத்தில் படம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? பலவந்தமாக இழுக்காதீர்கள். முகமே கிழிந்துவிடும். ஆல்பத்தில் இருந்தபடியே பிரதி எடுங்கள்.

ஸ்கேனர் இருந்தால், அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்று வைத்துப் பிரதி எடுங்கள். சிறிய படத்தை இரண்டு மடங்கு பெரிதாக அச்சிட்டாலும் தெளிவாக இருக்கும்.

செல்போன் மட்டும்தான் உண்டா? படத்தை ஜன்னல் ஓரம் வையுங்கள். வெயில் நேராகப் படக்கூடாது. பிளாஷ் வேண்டாம். போனைச் சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் அளவு சுருங்கிவிடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள்.

எத்தனை படம்?

1888-ல் அமெரிக்காவில் கோடக் காமிரா விற்பனைக்கு வந்தது. அதில் 100 படம் எடுக்கலாம். எடுத்து முடித்ததும் காமிராவையே கம்பெனிக்கு அனுப்ப வேண்டும்! இன்று ஒரு கல்யாணத்தில் ஒருவரே செல்போனில் 100 படம் எடுத்துவிடுகிறார்.

எல்லாவற்றையும் புத்தகத்தில் போட முடியாது. முதல் புத்தகத்துக்கு 20 பக்கம், 40 படம் போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு விஷயம்: தாத்தா கல்யாணம், பழைய வீடு, அப்பாவின் பள்ளிக்கூடம். ஒரு பழைய கடிதத்தின் படமும் சேரலாம்.

இரண்டு பக்கம் சேரும் மடிப்பில் முகம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மடிப்பில் பாதி முகம் மறைந்துவிடும்.

அத்தை யார்?

படத்தின் கீழே "அத்தை" என்று மட்டும் எழுதாதீர்கள். உங்களுக்கு அத்தை, உங்கள் மகனுக்குப் பாட்டி. பேரன் படிக்கும்போது குழம்புவான். முழுப் பெயர், உறவு, ஊர், வருடம் நான்கையும் எழுதுங்கள். இடமிருந்து வலமாக வரிசையாக எழுதுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன், பெரியவரிடம் ஒரு முறை படித்துக் காட்டுங்கள். பிழை இருந்தால் அவர்தான் திருத்த முடியும்.

அச்சிட வசதி இல்லையா? கெட்டி அட்டை ஆல்பம் ஒன்று வாங்குங்கள். பசை தடவாமல், படத்தின் நான்கு மூலைகளையும் காகித மூலைகளில் செருகுங்கள். கீழே கையால் எழுதுங்கள். அதுவும் நல்ல புத்தகம்தான்.

புத்தகம் வந்த பிறகு, பழைய படங்களை எறிந்துவிடாதீர்கள். ஈரம் படாத இடத்தில் பத்திரமாக வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். பெட்டியைக் கீழே இறக்குங்கள். பாட்டியின் மூக்குக் கண்ணாடியை எடுத்துக் கொடுங்கள்.

முதல் படத்தைக் காட்டி, "இது யார், பாட்டி?" என்று கேளுங்கள்!